ஆப்கானிஸ்தான் மறுகட்டுமானப் பணம்: கணக்குப் பார்க்க ஆள் இருந்தும் ஏன் வீணானது?

கேள்வி இதுதான்: 2002 முதல் 2021 வரை ஆப்கானிஸ்தானை மீண்டும் கட்டியெழுப்ப வெளிநாடுகள் கொடுத்த பணம் எந்தெந்த வழியாகப் போனது, அதை யார் கண்காணித்தார்கள், இத்தனை தணிக்கை இருந்தும் ஏன் இவ்வளவு வீணானது?

பலர் இதற்கு "ஊழல்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஊழல் இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் அதை மட்டும் சொன்னால் பழி முழுவதும் ஆப்கானியர்கள் தலையில் விழுந்துவிடும். பணம் கொடுத்தவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். என் கணிப்பில் அடிப்படைக் காரணம் வேறு. செலவு செய்யும் அதிகாரம் இருந்தவர்களை, எவ்வளவு வேகமாகச் செலவழித்தார்கள் என்பதை வைத்துத்தான் அவர்களுடைய தலைமையகங்கள் மதிப்பிட்டன. கணக்குக் கேட்டவர்களுக்கோ பணத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் இல்லை. தணிக்கை அறிக்கைகளில் எல்லாமே எழுதப்பட்டிருக்கின்றன, பெரும்பாலும் சரியாகவே எழுதப்பட்டிருக்கின்றன. அவை வெளிவந்தபோது பணம் செலவாகி முடிந்திருந்தது.

முதலில் அளவைப் பார்க்கலாம். அமெரிக்கா மட்டும் மறுகட்டுமானத்துக்கு ஒதுக்கியது சுமார் 14,800 கோடி டாலர். போர் நடத்திய செலவு இதில் சேராது. அது தனியாக 83,000 கோடி டாலரைத் தாண்டியது. மறுகட்டுமானம் என்றவுடன் நம் மனதில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் சாலையும் அணையும்தான் வரும். ஆனால் அந்த 14,800 கோடியில் பத்தில் ஆறு பங்கு ஆப்கன் ராணுவத்துக்கும் போலீசுக்கும் போனது: சம்பளம், துப்பாக்கி, சீருடை, விமானம், எரிபொருள், முகாம். "இவ்வளவு பணம் கொடுத்தும் ஒரு பள்ளிக்கூடம் உருப்படியாக இல்லையே" என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போன பங்கு அவர்கள் நினைப்பதைவிட மிகவும் சிறியது.

பணம் வந்த வழிகள் இரண்டு. ஒன்று, ஆப்கன் அரசின் பட்ஜெட்டுக்குள் வந்து, அங்கிருந்து செலவானது. இன்னொன்று, அரசை முழுவதும் சுற்றிக்கொண்டு, கொடுக்கும் நாடே தன் ஒப்பந்ததாரர்களையும் தொண்டு நிறுவனங்களையும் வைத்து நேரடியாகச் செலவழித்தது. 2002 ஜனவரியில் டோக்கியோவில் நடந்த முதல் பெரிய நன்கொடையாளர் மாநாட்டிலிருந்தே இந்த இழுபறி உண்டு. அரசிடம் கொடுத்தால் தின்றுவிடுவார்கள் என்று பயம். அரசைத் தவிர்த்தால் அந்த அரசு எப்போதுமே கணக்கு எழுதக் கற்றுக்கொள்ளாது. 2010 காபூல் மாநாட்டில், உதவியில் பாதியையாவது அரசின் பட்ஜெட் வழியாகத் தருவோம் என்று நாடுகள் வாக்குக் கொடுத்தன. அதற்கு முன்புவரை பெரும்பகுதி பட்ஜெட்டுக்கு வெளியேதான் ஓடியது. ஆப்கன் நிதியமைச்சகத்துக்கே தன் நாட்டில் எந்த மாகாணத்தில் யார் என்ன கட்டுகிறார்கள் என்ற முழு விவரம் கிடைக்கவில்லை.

பட்ஜெட் வழியாக வந்த பணத்துக்கு முக்கியமான வாய்க்கால், உலக வங்கி நிர்வகித்த ஆப்கானிஸ்தான் மறுகட்டுமான அறக்கட்டளை நிதியம். 2002-ல் தொடங்கியது. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளும் அமைப்புகளும் அதில் பணம் போட்டன. அது வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்பது நல்லது. ஆசிரியர் சம்பளம், அலுவலகச் செலவு போன்றவற்றை ஆப்கன் அரசு முதலில் தன் கருவூலத்திலிருந்து கொடுக்கும். பிறகு அந்தப் பில்களை நிதியத்திடம் நீட்டும். நிதியம் வெளியிலிருந்து நியமித்த ஒரு கண்காணிப்பு முகவர் அந்தப் பில்களைச் சோதிப்பார்: சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா, கொள்முதல் விதிப்படி நடந்ததா? தகுதியில்லாத பில் என்றால் அதற்குப் பணம் திரும்பி வராது. அரசே அந்த நஷ்டத்தை ஏற்க வேண்டும். ஒரு பில் நிராகரிக்கப்பட்டால் அமைச்சகத்துக்கு அது உடனே வலிக்கும் என்பதால், ஆவணங்களைச் சீராக வைக்க ஒரு காரணம் இருந்தது. இதிலும் ஓட்டைகள் உண்டு: முகவர் பார்த்தது பெரும்பாலும் காகிதத்தை; காகிதத்தில் இருக்கும் ஆசிரியர் வகுப்பறையில் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. இருந்தாலும், கொடையாளர்களின் பணம் கைமாறும் முன்பே "இல்லை" என்று சொல்லும் ஒரு கதவு இங்கே இருந்தது.

பட்ஜெட்டுக்கு வெளியே ஓடிய பணத்துக்கு அப்படிப்பட்ட கதவு அநேகமாக இல்லை. வாஷிங்டனில் ஒரு பெரிய நிறுவனம் ஒப்பந்தத்தை எடுக்கும். அது காபூலில் ஒரு துணை ஒப்பந்ததாரரைப் பிடிக்கும். அவர் மாகாணத்தில் இன்னொருவரிடம் விடுவார். ஒவ்வொரு படியிலும் நிர்வாகச் செலவு, பாதுகாப்புச் செலவு, லாபம் என்று ஒரு பங்கு கழியும். கடைசியில் செங்கல் அடுக்குபவரிடம் வரும் பணத்தில் நல்ல சிமெண்ட் வாங்கக் கட்டுப்படியாகாது. ஒரு பள்ளிச் சுவர் இரண்டு குளிர்காலத்தில் விரிசல் விட்டதற்கு உள்ளூர்க் கொத்தனாரைக் குறைசொல்வது சுலபம். அவர் கைக்கு எவ்வளவு வந்தது என்று மேலே இருந்த யாரும் கேட்கவில்லை.

சரி, யார் கண்காணித்தார்கள்? ஆட்களுக்குக் குறைவில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு, பாதுகாப்புத் துறைக்கு, வெளிநாட்டு உதவியைக் கவனித்த யுஎஸ்எய்டு அமைப்புக்கு என்று தனித்தனி தலைமை ஆய்வாளர்கள் இருந்தார்கள். நாடாளுமன்றத்தின் கணக்குத் தணிக்கை அலுவலகம் இருந்தது. இவற்றுக்கு மேல், ஆப்கன் மறுகட்டுமானத்துக்கென்றே ஒரு சிறப்புத் தலைமை ஆய்வாளர் அலுவலகத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 2008-ல் உருவாக்கியது. சுருக்கமாக சிகார் என்பார்கள். எந்தத் துறையின் பணமானாலும் மறுகட்டுமானம் என்றால் அதைச் சோதிக்கலாம் என்பதுதான் அதன் பலம். 2012-ல் ஜான் சாப்கோ அதன் தலைவரானார். 2025 ஜனவரி வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அந்த அலுவலகத்தின் புலனாய்வுகளால் 160-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. எரிபொருள் திருடி விற்ற ராணுவத்தினரும், லஞ்சம் வாங்கிய ஒப்பந்த அதிகாரிகளும் அதில் உண்டு.

ஆனால் தேதியைக் கவனியுங்கள். பணம் 2002-ல் ஓடத் தொடங்கியது. சிறப்புத் தணிக்கை அலுவலகம் பிறந்தது 2008-ல். ஆறு ஆண்டுகளில் எல்லாப் பழக்கங்களும் வேரூன்றிவிட்டன. அதோடு, சிகாருக்குப் பரிந்துரைக்கும் அதிகாரம்தான். ஒரு திட்டத்தை நிறுத்து என்று உத்தரவிட அதனால் முடியாது.

இதன் விளைவை ஒரு கட்டிடத்தில் பார்க்கலாம். ஹெல்மண்ட் மாகாணத்தில் லெதர்நெக் என்ற அமெரிக்க மரைன் முகாமில் 64,000 சதுர அடியில் ஒரு தலைமையகக் கட்டிடம். 2010-ல் அங்கிருந்த படைத்தளபதியே இது எங்களுக்கு வேண்டாம், இருக்கும் இடமே போதும் என்று எழுத்தில் கேட்டுக்கொண்டார். கோரிக்கை மேலே போனது. பணம் ஏற்கெனவே நாடாளுமன்றத்தால் ஒதுக்கப்பட்டுவிட்டது, எனவே கட்டலாம் என்று பதில் வந்தது. சுமார் 3.6 கோடி டாலர் செலவில் கட்டி முடித்தார்கள். ஒருவர்கூட அதில் குடியேறவில்லை. 2014-ல் மரைன்கள் முகாமை ஆப்கன் ராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்கள். இது அமெரிக்கப் படையின் சொந்தக் கட்டிடம்தான், கறாராகப் பார்த்தால் மறுகட்டுமான உதவி இல்லை. ஆனாலும் இதைச் சொல்லக் காரணம், இங்கே யாரும் திருடவில்லை. ஆப்கன் அமைச்சர் யாரும் கமிஷன் வாங்கவில்லை. பயன்படுத்தப் போகிறவரே வேண்டாம் என்ற பிறகும் பணம் நின்றபாடில்லை. ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்காமல் திருப்பிவிட்டால் அடுத்த ஆண்டு குறைத்துவிடுவார்கள் என்ற பயம் எல்லா அலுவலகத்திலும் உண்டு. போர்க்களத்தில் அதே பயம் கோடிக் கணக்கில் பேசியது.

படைத்தளபதிகளின் கையில் இருந்த அவசர நிதியிலும் இதே கதைதான். ஒரு பட்டாலியன் தளபதி தன் பகுதியில் கிணறு வெட்டலாம், மதகு கட்டலாம், சேதமான வீட்டுக்கு இழப்பீடு கொடுக்கலாம். யோசனை நல்லதுதான். ஆனால் பணத்தையும் ஓர் ஆயுதமாகப் பார்க்கும் கையேட்டை அமெரிக்க ராணுவமே வைத்திருந்தது. எவ்வளவு செலவழித்தோம் என்பதே முன்னேற்றத்தின் அளவுகோலானது. தளபதிகளும் அதிகாரிகளும் பெரும்பாலும் ஓராண்டுக்குள் மாறிப் போனார்கள். புதிதாக வருபவருக்கு, முந்தையவர் எந்த ஊர்ப் பெரியவரை நம்பி ஏமாந்தார் என்பதுகூடத் தெரியாது. அதே ஆள் அதே மதகுக்காக இன்னொரு முறை பணம் கேட்டுக்கொண்டு வருவார்.

பொருளாதார நிபுணர்கள் ஒரு விஷயத்தை முன்பிருந்தே சொல்லிவந்தார்கள். ஒரு நாட்டின் பொருளாதாரம் தாங்கும் அளவுக்கு மேல் உதவி வந்தால் அது பயன்படாது, கெடுக்கவே செய்யும். பொதுவாக ஆண்டு உற்பத்தி மதிப்பில் 15 முதல் 45 சதவீதம் வரை ஒரு நாடு தாங்கும் என்பார்கள். ஆப்கானிஸ்தானில் சில ஆண்டுகளில் உதவி அந்த நாட்டின் மொத்த உற்பத்தியையே எட்டியது. அப்படி வரும்போது நேர்மையான அதிகாரியாலும் கணக்கு வைக்க முடியாது. நல்ல ஆங்கிலம் தெரிந்த ஆசிரியரும் இன்ஜினீயரும் அரசு வேலையை விட்டு வெளிநாட்டு நிறுவனத்துக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனார்கள், அங்கே சம்பளம் பல மடங்கு என்பதால். அமைச்சகத்தில் கணக்கு எழுத வேண்டிய நாற்காலி காலியாகிக்கொண்டே வந்தது.

கண்காணிப்பின் இன்னொரு பெரிய ஓட்டை, போய்ப் பார்க்கவே முடியாமல் போனது. 2014-க்குள் வெளிநாட்டுப் படைகள் குறையத் தொடங்கியதும், படைப் பாதுகாப்பும் மருத்துவ உதவியும் எட்டும் தூரத்துக்குள்தான் அமெரிக்கக் குடிமை அதிகாரிகள் போக முடிந்தது. நாட்டின் பரப்பில் அதிகபட்சம் 21 சதவீதம்தான் அப்படி எட்டும் என்று சிகார் 2013-ல் எச்சரித்தது. மீதிக்கு உள்ளூர் நிறுவனங்களை மூன்றாம் தரப்புக் கண்காணிப்பாளர்களாக வைத்தார்கள். அவர்கள் போட்டோ எடுத்து, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைக் குறித்து அனுப்ப வேண்டும்.

அந்தக் குறிப்புகள் எப்படி இருந்தன என்பதற்கு ஓர் உதாரணம். யுஎஸ்எய்டு பணத்தில் நடந்த 641 மருத்துவ நிலையங்களின் இடக்குறிப்புப் பட்டியலை 2015-ல் சிகார் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. ஏறக்குறைய 80 சதவீதக் குறிப்புகள் தவறு. பதின்மூன்று குறிப்புகள் ஆப்கானிஸ்தானுக்கு வெளியே போயின. அவற்றில் ஒன்று மத்தியதரைக் கடலின் நடுவே இருந்தது. பல இடங்களில் குறிப்பிட்ட புள்ளியிலிருந்து 400 அடிக்குள் எந்தக் கட்டிடமும் இல்லை. இதற்காக அந்த மருத்துவமனைகளே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. பல உண்மையிலேயே இயங்கிக்கொண்டிருந்தன, எண்ணைத்தான் தப்பாக எழுதியிருந்தார்கள். எனக்கு இதில் வேதனை தருவது வேறு. அந்தப் பட்டியல் அலுவலகங்களில் ஆண்டுக்கணக்கில் இருந்திருக்கிறது. ஒரு முறை கணினியில் வரைபடத்தைத் திறந்து பார்த்திருந்தால், கடலுக்குள் ஆஸ்பத்திரி இருப்பது கண்ணில் பட்டிருக்கும். அதன் பேரில் பணம் போய்க்கொண்டிருந்தது.

கஜாக்கி அணையும் இதே வகை. ஹெல்மண்ட் ஆற்றில் 1950-களில் கட்டிய அணை. அதில் கூடுதலாக ஒரு விசையாழியைப் பொருத்தினால் காந்தஹாருக்கும் லஷ்கர்காவுக்கும் மின்சாரம் கூடும் என்பது திட்டம். 2008-ல் பிரிட்டிஷ் படைகள் தலைமையில் ஆயிரக்கணக்கான வீரர்கள் காவலுக்கு நிற்க, விசையாழியின் பாகங்களை லாரிகளில் பாலைவனம் வழியாக அணைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அன்றைக்குச் செய்தித்தாள்களில் பெரிய வெற்றி. ஆனால் பொருத்துவதற்கு நூற்றுக்கணக்கான டன் சிமெண்ட் வேண்டும். அது வரவேண்டிய சாலை தாலிபான் கையில். பாகங்கள் ஆண்டுக்கணக்கில் அணைக்கருகே கிடந்தன. பிறகு வேலையை ஆப்கன் மின்வாரியத்திடமே ஒப்படைத்து, 7.5 கோடி டாலரையும் ஒதுக்கினார்கள். விசையாழி ஓடத் தொடங்கியது 2016-ல். விசையாழி வந்து சேர்ந்தபோது எந்த அறிக்கையிலும் அது "நிறைவேறிய பணி" என்றுதான் பதிவாகியிருக்கும். எந்த வீட்டில் விளக்கு எரிந்தது என்று கேட்டிருந்தால்தான் உண்மை தெரிந்திருக்கும்.

ராணுவச் செலவில் நடந்தவற்றை எழுதினால் இந்தப் பதில் முடியாது, இரண்டைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். ஆப்கன் விமானப்படைக்கென வாங்கிய 20 பழைய இத்தாலியச் சரக்கு விமானங்களுக்கான மொத்தத் திட்டச் செலவு 54.9 கோடி டாலர். உதிரிபாகமும் பராமரிப்பும் இல்லாமல் அவற்றில் 16 காபூலில் பவுண்டுக்கு ஆறு சென்ட் வீதம் பழைய இரும்பாக விற்கப்பட்டன. ஆப்கன் ராணுவச் சீருடைக்குக் காட்டுப் பச்சை வடிவம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நாட்டில் காடு இருப்பது சுமார் 2 சதவீதப் பரப்பில்தான். தனியார் உரிமை பெற்ற அந்த வடிவத்துக்காகக் கூடுதலாக 2.8 கோடி டாலர் வரை போனது.

சம்பளப் பணத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைசியில் நாடு சரிந்தது அங்கேதான். ராணுவத்திலும் போலீசிலும் பெயரளவில் மூன்று லட்சத்துக்கு மேல் ஆட்கள். போலீஸ் சம்பளத்துக்கு ஐநா வளர்ச்சித் திட்டம் ஒரு தனி நிதியத்தை நடத்தியது. காகிதத்தில் இருந்தவர்கள் எல்லோரும் காவலில் இருந்தார்களா? இல்லை. இறந்தவர், ஓடிப்போனவர், சேரவே சேராதவர் பெயரில் தளபதிகள் சம்பளம் வாங்கினார்கள். உண்மையிலேயே வேலை செய்தவர்களுக்கும் முழுச் சம்பளம் கைக்கு வரவில்லை. வங்கிக் கிளை இல்லாத மாவட்டங்களில் "நம்பிக்கையான முகவர்" என்று ஒருவர் ரொக்கத்தை எடுத்துப்போய்க் கொடுப்பார். அந்த வழியில் போன சம்பளத்தில் பாதிவரை காணாமல்போக வாய்ப்புண்டு என்று 2015 தணிக்கை ஒன்று சொன்னது.

இதற்கு எளிய தீர்வு ஒன்று 2009-லேயே கண்ணெதிரே வந்தது. வர்தக் மாகாணத்தில் ஒரு சிறு போலீஸ் பிரிவுக்கு ரோஷன் என்ற தொலைபேசி நிறுவனத்தின் மொபைல் பணச் சேவை வழியாகச் சம்பளம் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் மாதம் போனில் தொகையைப் பார்த்த போலீஸ்காரர்கள் தங்களுக்குச் சம்பள உயர்வு கிடைத்துவிட்டது என்று நினைத்தார்கள். உயர்வு எதுவும் இல்லை. அதுதான் அவர்களுடைய உண்மையான சம்பளம். அதுவரை கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இடையில் மறைந்துகொண்டிருந்தது. ஒரு கமாண்டர் தன் ஆட்களின் போன்களைப் பிடுங்கிக்கொண்டு தானே போய்ப் பணம் எடுக்கப் பார்த்த சம்பவமும் உண்டு. பட்டியலில் பத்தில் ஒருவர் இல்லாத ஆள் என்பதும் அப்போதே தெரியவந்தது. இந்த முறை நாடு முழுக்கப் பரவவில்லை. நெட்வொர்க் இல்லை, ரொக்கம் தரும் கடைகள் இல்லை என்பதெல்லாம் உண்மைதான். நடுவில் இருந்தவர்களுக்கு விருப்பமில்லை என்பதும் உண்மை. இருபது ஆண்டு அறிக்கைகள் அத்தனையிலும் எனக்கு மறக்க முடியாத இடம் இதுதான். தனக்கு எவ்வளவு வர வேண்டும் என்று அந்தப் போலீஸ்காரருக்குத் தெரிந்த நாளில், தணிக்கையாளர் யாரும் கண்டுபிடிக்காததை அவரே கண்டுபிடித்துவிட்டார்.

2021 ஆகஸ்டில் மாகாணங்கள் அடுத்தடுத்துத் தாலிபான் கையில் விழுந்தன. அதற்குச் சில நாள் முன்புவரை நிதியமைச்சராக இருந்த காலித் பயெண்டா, கணக்கில் இருந்த மூன்று லட்சம் பேரில் பெரும்பாலோர் இல்லவே இல்லை என்று பிறகு சொன்னார். பல முகாம்களில் உண்மையாகவே நின்று சண்டை போட்ட சிப்பாய்களுக்குச் சாப்பாடும் தோட்டாவும் போய்ச்சேரவில்லை. அவர்களில் பல்லாயிரம் பேர் அந்த இருபது ஆண்டில் உயிரைவிட்டவர்கள். வீண்செலவு என்று நாம் சுலபமாகச் சொல்வதன் இன்னொரு முனையில் இவர்கள் இருந்தார்கள்.

காபூல் வங்கியையும் விட முடியாது. அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், சிப்பாய்களின் சம்பளத்தைப் பட்டுவாடா செய்த தனியார் வங்கி அது. 2010-ல் சரிந்தது. சுமார் 90 கோடி டாலர் போலிக் கடன்களாகப் போயிருந்தது. அதில் பெரும்பகுதி இருபதுக்கும் குறைவான ஆட்களுக்கும் நிறுவனங்களுக்கும். அதிபர் ஹமித் கர்சாயின் சகோதரரும் துணை அதிபரின் சகோதரரும் பங்குதாரர்களில் இருந்தார்கள். வங்கித் தலைவர் ஷெர்கான் ஃபர்னூத்தும் தலைமை அதிகாரி கலீலுல்லா ஃபெரோசியும் தண்டிக்கப்பட்டார்கள், பணத்தில் பெரும்பகுதி திரும்பவில்லை. மத்திய வங்கிக்குள் அமெரிக்கச் செலவில் ஆலோசகர்கள் உட்கார்ந்திருந்தும், அவர்கள் கண்ட அறிகுறிகள் உரிய இடத்துக்குப் போகவில்லை என்று யுஎஸ்எய்டின் தலைமை ஆய்வாளரே பிறகு எழுதினார். அப்போது ஒரு முறை கொடையாளர்கள் உண்மையிலேயே கதவை மூடினார்கள்: சர்வதேச நாணய நிதியம் தன் திட்டத்தைப் புதுப்பிக்க மறுக்க, பல நாடுகள் அறக்கட்டளை நிதியத்துக்குப் பணம் தருவதை நிறுத்திவைத்தன. அதற்குப் பிறகுதான் விசாரணை அசைந்தது.

எல்லாமே வீண் என்று நினைத்துவிடக் கூடாது. நான் அப்படி நினைக்கவில்லை. 2003-ல் தொடங்கிய தேசிய ஒருமைப்பாட்டுத் திட்டத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கிராமத்திலும் ரகசிய வாக்கெடுப்பில் ஒரு குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். குடும்பத்துக்குச் சுமார் 200 டாலர் என்ற கணக்கில், ஒரு கிராமத்துக்கு 60,000 டாலருக்கு மிகாமல், மானியம் வரும். என்ன கட்டுவது என்று ஊரே முடிவு செய்யும். செலவில் பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ பணமாகவோ ஊர் போட வேண்டும். கணக்கை எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமக் குழுக்கள் உருவாகின. பிறகு நடந்த மதிப்பீட்டில் குடிநீரும் மின்சாரமும் கிடைப்பதில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. பாசனத்திலும் சாலையிலும் அவ்வளவு பலன் இல்லை. ஊருக்கு எவ்வளவு வந்தது என்று ஊருக்கே தெரிந்ததால் சுருட்டுவது கடினமாக இருந்தது. பொதுவாழ்வில் நேர்மையைக் கண்காணிக்கும் இன்டெக்ரிட்டி வாட்ச் என்ற ஆப்கன் தொண்டு நிறுவனம், கிராமத்துத் தன்னார்வலர்களுக்குப் பள்ளிக் கட்டிடத்தின் வரைபடத்தைப் படிக்கவும் சிமெண்ட் கலவையைச் சோதிக்கவும் பயிற்சி கொடுத்தது. வெளிநாட்டு இன்ஜினீயர் போக முடியாத இடத்தில் இவர்கள் தினமும் இருந்தார்கள்.

சுகாதாரத்திலும் அப்படித்தான். 2003 முதல் அடிப்படைச் சிகிச்சையைத் தொண்டு நிறுவனங்களிடம் ஒப்பந்தத்தில் விட்டார்கள். சுகாதார அமைச்சகம் ஒப்பந்தங்களை மேற்பார்த்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் ஜெய்ப்பூரின் இந்திய சுகாதார மேலாண்மை ஆய்வு நிறுவனமும் ஒவ்வொரு மாகாணத்துக்கும் மதிப்பெண் அட்டை போட்டன: மருந்து இருக்கிறதா, பெண் பணியாளர் இருக்கிறாரா, நோயாளி திருப்தியாகப் போகிறாரா என்று. சேவை செய்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் இன்னொருவர், மதிப்பெண் போடுபவர் மூன்றாமவர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு விகிதம் இருபது ஆண்டில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதில் எல்லாப் பெருமையும் இந்த ஏற்பாட்டுக்கே என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய பங்கு உண்டு.

பணம் போகும் முன் தடுத்ததற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2015 தொடக்கத்தில் பாதுகாப்பு அமைச்சகத்தின் கிட்டத்தட்ட 100 கோடி டாலர் எரிபொருள் டெண்டரில் நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றியது சிகார் விசாரணையில் தெரிந்தது. அதிபர் அஷ்ரஃப் கனியிடம் நேரடியாகச் சொன்னார்கள். அவர் ஒப்பந்தத்தை ரத்து செய்தார். 20 கோடி டாலருக்கு மேல் மிச்சம். பெரிய டெண்டர்கள் தேசியக் கொள்முதல் ஆணையத்தின் முன் வர வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கும் அது வலுச்சேர்த்தது.

தணிக்கையாளர் சொல்லும் எண்ணையும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. ஷெபர்கானில் ஓர் இயற்கை எரிவாயு பங்க் 4.3 கோடி டாலருக்குக் கட்டப்பட்டது என்ற சிகாரின் செய்தி 2015-ல் உலகம் முழுக்க ஓடியது. அந்தத் தொகையில் மேல்நிர்வாகச் செலவெல்லாம் ஏற்றப்பட்டிருக்கிறது, உண்மைச் செலவு அதைவிட மிகக் குறைவு என்று பாதுகாப்புத் துறை மறுத்தது. அந்த மறுப்பில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் சரியான தொகையைச் சொல்ல வேண்டிய துறை, கேட்டபோது எங்களிடம் விவரம் இல்லை, திட்டத்தை நடத்திய பிரிவைக் கலைத்துவிட்டோம் என்றுதான் முதலில் பதில் கொடுத்தது.

இந்தியாவின் பங்கையும் கேட்பீர்கள். இந்தியா சுமார் 300 கோடி டாலர் கொடுத்தது. பெரிய வேலைகளைத் தன் அமைப்புகளை வைத்தே செய்தது: சரஞ்ச்–தெலாராம் சாலை, 218 கிலோமீட்டர், எல்லைச் சாலைகள் அமைப்பு கட்டி 2009-ல் ஒப்படைத்தது, ஹெராத்தில் சல்மா அணை 2016-ல் திறந்தது, காபூலில் நாடாளுமன்றக் கட்டிடம். துணை ஒப்பந்தப் படிகள் குறைவு என்பதால் இடையில் கழிவதும் குறைவு. தாமதமும் விலையேற்றமும் இங்கேயும் உண்டு, சல்மா அணை பல முறை தள்ளிப்போனது. சாலை வேலையில் தாக்குதலில் இந்தியத் தொழிலாளர்களும் ஆப்கன் தொழிலாளர்களும் உயிரிழந்தார்கள்.

2021-க்குப் பிறகு படம் முழுக்க மாறிவிட்டது. ஆப்கன் மத்திய வங்கியின் சுமார் 700 கோடி டாலர் இருப்பு நியூயார்க்கில் முடக்கப்பட்டது. அதில் 350 கோடி 2022-ல் சுவிட்சர்லாந்தில் ஒரு தனி நிதியத்துக்கு மாற்றப்பட்டது. அறக்கட்டளை நிதியத்தின் பணம் அரசைத் தவிர்த்து, ஐநா அமைப்புகள் வழியாகப் போகத் தொடங்கியது. வங்கித் தொடர்பு அறுந்ததால் ஐநா ரொக்க டாலரை விமானத்தில் காபூலுக்குக் கொண்டுவந்தது, ஒரு நடைக்குச் சுமார் 4 கோடி. பட்டினியில் இருந்த மக்களுக்கு அது தேவைப்பட்டது. கொடுக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பணம் நாட்டுக்குள் வந்தபின் வரியாக, கட்டணமாக, பயனாளிப் பட்டியலில் தலையீடாக தாலிபான்கள் பங்கு எடுக்கிறார்கள் என்று சிகார் தொடர்ந்து எழுதியது. 2022 டிசம்பரில் தொண்டு நிறுவனங்களில் பெண்கள் வேலை செய்யத் தடை வந்தது. அடுத்த ஏப்ரலில் அது ஐநாவுக்கும் நீண்டது. இந்தத் தடை கண்காணிப்பையும் வெட்டியது. ஆண் கணக்கெடுப்பாளர் ஒரு விதவையின் வீட்டுக்குள் போய், மூட்டை மாவு உங்களுக்கு வந்ததா, முழுசாக வந்ததா என்று கேட்க அங்கே முடியாது.

2025-ல் அமெரிக்கா ஆப்கானிஸ்தானுக்கான உதவியை அநேகமாக முழுவதும் நிறுத்தியது. யுஎஸ்எய்டு அமைப்பே மூடப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த சிகாரின் இறுதி அறிக்கை, வீண்செலவு, மோசடி, முறைகேடு என்று தான் கண்டறிந்த தொகையை 2,600 கோடி முதல் 2,900 கோடி டாலர் வரை என்று கணித்தது. சட்டப்படி அந்த அலுவலகத்தின் காலம் 2026 ஜனவரி 31-ல் முடிந்தது. இப்போது ஆப்கானிஸ்தானுக்குள் போகும் உதவிக்கு, அந்தந்த ஐநா அமைப்பின் உள்தணிக்கையும், அவை கூலிக்கு அமர்த்தும் மூன்றாம் தரப்பு நிறுவனங்களும், உலக வங்கியின் கண்காணிப்பு முகவரும்தான் மிச்சம். எல்லாத் துறையின் கணக்கையும் சேர்த்துப் பார்த்து, பொதுவெளியில் காலாண்டுக்கு ஒரு முறை எழுத ஒரு தனி அலுவலகம் இனி அந்த நாட்டுக்கு இல்லை.